மூச்சிலே கலக்கும் நீர்

மார்கழி மாதம் பிறந்ததும் குளிர்நாடுகளிலே குடியேறி வாழும் நம்மவரிடமிருந்து ஊரிலுள்ள பெற்றோருக்கு ஒரு முறைப்பாடு தவறாது வந்து சேர்கின்றது. இரவிலே தொண்டை வறண்டு விழிப்பு வருகின்றது, உதடு வெடிக்கின்றது, தோல் அரிக்கின்றது, விடியற்காலையிலே குழந்தையின் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்து தலையணையிற் கறை படிந்திருக்கின்றது. இதைக் கேட்ட அம்மம்மாவும் அப்பம்மாவும் தமக்குத் தெரிந்த கைமருந்தைச் சொல்லுகின்றனர். "தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிள்ளை படுக்கும் அறையிலே வை, அதிலே இரண்டு துளி யூக்கலிப்டஸ் தைலமும் விடு" என்பது அவற்றுள் ஒன்று.

இஃது அன்பினாற் கூறப்படும் அறிவுரை. ஆயின் அன்பு மட்டும் போதுமா என்பதே நாம் இன்று ஆராயப் புகும் பொருள். படுக்கையறைக் காற்றுக்கு ஈரமூட்டுதல் எளிது. அதனை இரவு முழுவதும் தீங்கின்றிச் செய்தல் அறிந்து செய்யவேண்டிய காரியம். நீரோடு சேர்க்கத் தகாத ஒன்றைச் சேர்த்தமையால் ஒரு நாட்டிலே ஆயிரக்கணக்கானோர் துன்புற்ற வரலாறு உண்டு. அதனையும் இக்கட்டுரையிற் கூறுவோம்.

குளிர் வேறு, வறட்சி வேறு

நுவரெலியாவிலே ஓர் இரவைக் கழித்தவர்கள் அங்குள்ள குளிரை அறிவார்கள். ஆயினும் அக்குளிரிலே வறட்சி இல்லை. போர்வையே ஈரமாக இருப்பதுபோலத் தோன்றும். அவ்வாறாயின் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழ்வோர் மட்டும் வறட்சியால் வருந்துவது ஏன்? காரணம் குளிரன்று, குளிர்ந்த காற்றை வீட்டினுள்ளே கொணர்ந்து சூடாக்குவதே காரணம்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டே காணலாம். ஒரு கன மீற்றர் காற்றிலே நீராவி எவ்வளவு தங்கலாம் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியசிலே ஏறத்தாழ 30 கிராம் தங்கலாம். 20 பாகையிலே 17 கிராம். பூச்சியத்திலே 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையிலோ 2 கிராமுக்குச் சற்றே கூட. தங்கக்கூடிய அளவிலே நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையிலே இருக்கின்றது என்பதைச் சாரீரப்பதன் என்று விஞ்ஞான நூல்கள் கூறும்.

ரொறன்ரோ நகரிலே தை மாதத்து இரவுகளிற் பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக்கு வெப்பநிலை இறங்குவது புதுமையன்று. அந்தக் காற்று தான் ஏந்தக்கூடிய நீராவி முழுவதையும் ஏந்தியிருந்தாலும், கதவிடுக்கு வழியாக வீட்டினுட் புகுந்து 20 பாகைக்குச் சூடேறியதும் அதன் சாரீரப்பதன் 12 அல்லது 13 சதவீதமாகக் குன்றிவிடுகின்றது. சமையல், குளியல், வீட்டாரின் மூச்சு ஆகியவற்றால் சிறிது ஈரம் சேரும். அவ்வளவே. "வெப்பமூட்டும் கருவி காற்றிலுள்ள நீரைக் குடித்துவிடுகின்றது" என்று சிலர் கூறுவர். அது சரியன்று. நீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவே பெருகிவிட்டது. சிறு குவளையை நிரப்பிய நீரைப் பெரிய அண்டாவிலே ஊற்றினால் அடியிலே கிடப்பதைப் போன்றது இது.

இவ்வுண்மையிலிருந்தே முதற் பரிகாரமும் கிடைக்கின்றது. அறையை 24 பாகைக்குச் சூடாக்குபவர்கள் அதனை 18 அல்லது 19 பாகைக்குக் குறைப்பாராயின், ஒரு துளி நீரும் சேர்க்காமலே 21 சதவீதமாக இருந்த சாரீரப்பதன் 28 அல்லது 29 சதவீதத்தை அணுகும். காசு செலவில்லை, மின்கட்டணமும் குறையும். ஆயின் உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல், குளிர்காலத்திலே வீட்டின் வெப்பநிலை 18 பாகைக்குக் குறையாதிருத்தல் நன்று என்கின்றது. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் இன்னும் சற்றுக் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

நாசி செய்யும் தொண்டு

உறங்கும்பொழுது வளர்ந்த ஒருவர் எட்டு மணி நேரத்திலே ஏறத்தாழ 3 கன மீற்றர் காற்றை உள்வாங்குகின்றார். அக்காற்று எத்துணைக் குளிராகவும் வறட்சியாகவும் இருந்தாலும், நுரையீரலின் உள்ளறைகளை அடையும்பொழுது 37 பாகை வெப்பமும் ஒரு கன மீற்றருக்கு 44 கிராம் நீராவியும் உடையதாக மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தைச் செய்வது மூக்கும் மூச்சுக் குழாயுமேயாம். வெளிவிடும் மூச்சிலிருந்து நீரின் ஒரு பகுதியை மூக்கே மீட்டுக்கொள்கின்றது. சளி பிடித்து வாயால் மூச்சு விடுபவருக்கு அவ்வுதவி கிட்டுவதில்லை. அவருக்குத் தொண்டை விரைவில் வறள்கின்றது.

மூக்கின் உட்புறத்தை மெல்லிய சளிப்படலம் ஒன்று மூடியிருக்கின்றது. அதன் கீழே கண்ணுக்குப் புலனாகாத பிசிர்கள் ஓயாது அசைந்து, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. காற்று மிக வறண்டதாயின் அப்படலம் காய்ந்து தடிக்கின்றது. பிசிர்களின் அசைவு தளர்கின்றது. படலம் வெடித்த இடத்திலே இரத்தம் கசிகின்றது. ஆதலின் ஈரமூட்டவேண்டும் என்ற எண்ணம் பிழையன்று. எவ்வளவு, எவ்வாறு என்பனவே வினாக்கள்.

அளந்து செய்க

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சுற்றாடற் பாதுகாப்பு நிறுவனம் வீட்டினுட் சாரீரப்பதன் 30 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் இருக்கவேண்டும் என்று கூறுகின்றது. இதற்குக் குறைந்தால் வறட்சி. கூடினாலோ வேறு பகை தோன்றும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசுச் சிற்றுண்ணிகள் ஈரத்திலே பெருகுகின்றன. சுவரிலே பூஞ்சணம் படர்கின்றது. இவ்விரண்டும் இழுப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு ஆகாதவை. வறட்சிக்கு அஞ்சி ஈரத்தை மிகுத்தல், வெயிலுக்கு அஞ்சிக் கிணற்றில் இறங்குவது போலாகும்.

அளவை அறிவதற்கு ஈரமானி என்னும் சிறு கருவி போதும். கைக்கடிகாரம் போன்ற அதனைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். அஃது இல்லாதவர் காலையிலே சன்னற் கண்ணாடியைப் பார்க்கட்டும். உட்புறத்திலே நீர் கோத்து வழியுமாயின் ஈரம் மிகுந்துவிட்டது. அன்றிரவு ஈரமூட்டுதலைக் குறைத்தல் வேண்டும். வெளியே கடுங்குளிர் நிலவும் நாளிலே 30 சதவீதமே போதுமானது. அதற்கு மேற்பட்டால் குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் நீர் ஒடுங்கும்.

இனி எவ்வளவு நீர் வேண்டும் என்று பார்ப்போம். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இரண்டரை மீற்றர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 30 கன மீற்றர். அதன் காற்றை 20 பாகையிலே 20 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு உயர்த்த ஏறத்தாழ 105 கிராம் நீர் போதும். ஒரு தேநீர்க் கோப்பை கூட இல்லை. ஆயினும் அறைக்காற்று சிறிது சிறிதாக வெளியேறிப் புதுக்காற்று புகுந்துகொண்டே இருக்கும். மணிக்கொருமுறை அறைக்காற்றின் பாதி மாறுகின்றது என்று கொண்டால், அவ்வளவைக் காத்துக்கொள்ள மணிக்கு 50 கிராமுக்குச் சற்றுக் கூட நீர் வேண்டும். விடியும் வரைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ அரை லீற்றர்.

அரை லீற்றர் நீருக்கு அண்டா வேண்டியதில்லை, அடுப்பும் வேண்டியதில்லை. நனைத்துப் பிழிந்த பெரிய குளியல் துவாய் ஒன்றைக் கொடியிலே விரித்தால், வறண்ட அறையிலே அதன் ஈரத்திற் பெரும்பங்கு விடியுமுன் காற்றிலே கலந்துவிடும். துவைத்த உடுப்புகளை அறையில் உலரவிடுவதும் அத்தகையதே. ஆயின் மின்சார வெப்பமூட்டிகளின் மீது துணியைப் போடுதல் நெருப்புக்கு வழிசெய்யும். கொடி அவற்றிலிருந்து விலகியே இருத்தல் வேண்டும்.

ஆவியும் திவலையும்

கடைகளிலே விற்கப்படும் ஈரமூட்டிகள் பல உருவின. அவற்றை விளங்கிக்கொள்ள நம் நாட்டுக் காட்சிகள் இரண்டு போதும். ஆனையிறவு உப்பளத்திலே கடல் நீர் வெயிலில் ஆவியாகின்றது. ஆவி மேலே போக, உப்பு பாத்தியிலே தங்கிவிடுகின்றது. பருத்தித்துறைக் கரையிலே நிற்பவர் முகத்திலோ உப்புக் கரிக்கின்றது. ஏன்? அங்கு வந்து படுவது ஆவியன்று. அலை மோதித் தெறித்த திவலை. ஆவி நீரை மட்டும் கொண்டு செல்லும். திவலை நீரிலுள்ள அனைத்தையும் சுமந்து செல்லும்.

ஈரமூட்டிகளும் இவ்விரு வகையினவே. நனைந்த திரியினூடாகவோ துணியினூடாகவோ விசிறியாற் காற்றைச் செலுத்தும் கருவியும், நீரைக் கொதிக்கவைக்கும் கருவியும் ஆவியைத் தருவன. செவிக்குக் கேளாத அதிர்வினாலோ சுழலும் தட்டினாலோ நீரைச் சிதறடித்து வெண்புகை போன்ற குளிர் மூடுபனியை எழுப்பும் கருவி திவலையைத் தருவது. இப்பிந்திய வகை விலை மலிவானது, ஓசையற்றது, சுடாதது. ஆதலால் பலர் அதனையே வாங்குகின்றனர். ஆயின் தொட்டியிலுள்ள சுண்ணமும் கிருமியும் அதனூடே மூச்சிற் கலக்கும். மேசையிலே படியும் வெண்பொடி இதற்குச் சான்று. அப்பொடி மேசையிலே மட்டும் படிவதில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

1959ஆம் ஆண்டிலே சுவிட்சர்லாந்தின் மருத்துவ இதழ் ஒன்றிலே, தச்சுப் பட்டறையொன்றின் தொழிலாளரிடையே தோன்றிய காய்ச்சலைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது. பட்டறைக் காற்றுக்கு ஈரமூட்டிய நீரிலே பூஞ்சணம் வளர்ந்திருந்ததே காரணம். "ஈரமூட்டிக் காய்ச்சல்" என்னும் பெயர் மருத்துவ நூல்களில் ஏறியது. 2008ஆம் ஆண்டின் இறுதியிலே சைப்பிரசிலே, புதிதாகப் பிறந்த குழந்தைகள் வைக்கப்பட்டிருந்த அறையிலே ஈரமூட்டியினூடாக லெஜியனெல்லா என்னும் பற்றீரியா பரவிக் குழந்தைகள் சிலர் மாண்டனர். தேங்கிய நீர் கிருமிக்கு வீடு. அந்நீரைத் திவலையாக்கும் கருவி கிருமிக்கு வாகனம்.

அவ்வாறாயின் கிருமியைக் கொல்லும் மருந்தொன்றை அந்நீரிலே கலந்துவிட்டால் என்ன? இவ்வினா எவருக்கும் தோன்றக்கூடியது. தென் கொரியாவிலே பலருக்குத் தோன்றியது.

கொரியா தந்த பாடம்

கொரிய நாட்டிலே குளிர்காலம் கடுமையும் வறட்சியும் உடையது. தரையின் கீழே வெப்பத்தைச் செலுத்தி வீட்டைச் சூடாக்குவது அந்நாட்டின் பழைய முறை. படுக்கையறையிலே ஈரமூட்டி வைப்பதும் பரவலான வழக்கமாயிற்று. 1994ஆம் ஆண்டிலே, ஈரமூட்டியின் நீரிற் கலப்பதற்கென்றே கிருமிகொல்லி ஒன்று அங்கு விற்பனைக்கு வந்தது. அதனைப் பின்பற்றிப் பல பெயர்களிலே பல திரவங்கள் வந்தன. குழந்தைகளுக்கும் ஊறில்லை என்று போத்தலின் மேலே எழுதப்பட்டிருந்த திரவமும் அவற்றுள் உண்டு. குழந்தையின் மூச்சுக் காற்று தூய்மையாக இருக்கவேண்டும் என்று விரும்பிய தாய்மாரே அதனைப் பெரிதும் வாங்கினர்.

2006ஆம் ஆண்டு முதலாக வசந்தகாலந்தோறும் சிறுவர் சிலர் விளங்காத நுரையீரல் நோயோடு மருத்துவமனைகளுக்கு வந்தனர். 2011ஆம் ஆண்டின் வசந்தத்திலே சியோல் நகரின் பெரிய மருத்துவமனையொன்றிலே கருவுற்ற பெண்களும் அண்மையில் மகப்பேறடைந்த பெண்களும் ஒருவர்பின் ஒருவராக அதே குறிகளோடு சேர்ந்தனர். நுரையீரல் தழும்பேறி இறுகியது, மூச்சு அடைத்தது. தொற்றுநோய் என்று கருதித் தேடினர்; கிருமி எதுவும் அகப்படவில்லை. நோயுற்றோரும் நோயுறாதோரும் வீட்டிலே பயன்படுத்திய பொருள்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபொழுதே உண்மை வெளிப்பட்டது. 2011 ஆகஸ்டிலே அரசின் நோய்த்தடுப்பு நிலையம் ஈரமூட்டிக் கிருமிகொல்லியின்மீது ஐயங்கொண்டு அறிவித்தது. விலங்குகளில் நிகழ்த்திய சோதனை அவ்வையத்தை உறுதிசெய்தது. அவ்வாண்டு நவம்பரிலே அப்பொருள்கள் கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. அதன்பின் அந்நோய் புதிதாகத் தோன்றுவது நின்றது.

இதற்குள் பதினேழு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பாதிக்கப்பட்டோருக்கு உதவ 2017ஆம் ஆண்டிலே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அரசு பாதிக்கப்பட்டோராக ஏற்றுக்கொண்டோரின் தொகை 5,000ஐக் கடந்தது. அவர்களுள் 1,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தவர்கள். அரசுக்கும் இதிலே பொறுப்பு உண்டு என்பதை 2024ஆம் ஆண்டிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

எப்படி நேர்ந்தது இது? அத்திரவங்களுள் முதன்மையானது பொலிஹெக்சாமெதிலீன் குவானிடின் என்னும் இரசாயனத்தைக் கொண்டது. தோலிலே பட்டாலும் சிறிதளவு வாயினுட் சென்றாலும் அது பெருந்தீங்கு செய்வதில்லை. ஆதலால் துப்புரவு வேலைக்கு ஏற்றதென்று கருதப்பட்டது. மூச்சினூடே நாள்தோறும் சென்றால் யாது விளையும் என்று விற்பனைக்கு முன் தக்கவாறு எவரும் சோதிக்கவில்லை. தோல் பல அடுக்குகளால் ஆனது. இரைப்பைக்குத் தன் அமிலமும் பின்னால் ஈரலும் காவல். நுரையீரலின் நுண்ணறைச் சுவரோ கடதாசியினும் பன்மடங்கு மெல்லியது. தின்னத் தக்கது யாவும் மூச்சிலே கலக்கத் தக்கது அன்று என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

கைக்கொள்ளவேண்டியவை

எனவே குளிர்நாட்டு வீடுகளிலே கைக்கொள்ளவேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, ஈரமூட்டியின் தொட்டியிலே நீரன்றிப் பிறிதொன்றும் இடலாகாது. கிருமிகொல்லி மட்டுமன்று, யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம், வாசனை எண்ணெய், உப்பு, மூலிகைச்சாறு யாவுமே விலக்கத்தக்கவை. தைலத்தின் நெடி கைக்குழந்தைகளுக்கு மூச்சுத் தடையையும் உண்டாக்கலாம்.

இரண்டாவது, மூடுபனிக் கருவியாயின் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துதல் வேண்டும். கொதித்து ஆறிய நீரிலே கிருமி சாகும், சுண்ணம் அகலாது.

மூன்றாவது, நாள்தோறும் தொட்டியைக் காலிசெய்து துடைத்து உலர்த்திப் புதுநீர் நிரப்புதல் வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை மின்தொடர்பைத் துண்டித்து, வினாகிரியோ 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டோ இட்டுத் தேய்த்து, அதன் சுவடே இல்லாதவாறு பலமுறை அலசுதல் வேண்டும். கழுவுவதற்கு இட்டது கழுவலோடு போய்விடவேண்டும், தொட்டியிலே தங்கலாகாது. நாள்தோறும் கழுவ நேரமில்லாதவர் ஈரத்துவாயோடு அமைதல் நன்று.

நான்காவது, கொதிநீர்ப் பாத்திரத்தையும் கொதிக்கவைக்கும் கருவியையும் குழந்தை உறங்கும் அறையிலே வைக்கலாகாது. வேது பிடிக்கும்பொழுது பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்த சிறுவர்களை மருத்துவர்கள் பல நாடுகளிலும் கண்டிருக்கின்றனர். கரியடுப்பின் மேலே நீரை வைத்து அறையைச் சாத்துவது அதனினும் கொடிது. மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு உறக்கத்திலேயே உயிரைக் கவர்ந்துவிடும்.

ஐந்தாவது, மூடுபனி முகத்திலும் படுக்கையிலும் நேரே படாதவாறு கருவியைத் தள்ளி வைக்கவேண்டும். அதனைச் சூழ்ந்த தரையோ சுவரோ நனைந்திருக்குமாயின் அளவைக் குறைக்கவேண்டும்.

மூக்கு மட்டும் வறளுமாயின் அறை முழுவதையும் நனைக்கவேண்டியதில்லை. மருந்துக்கடையிலே கிடைக்கும் உப்புநீர்த் துளி மூக்குக்கு இதமளிக்கும். இரத்தம் கசிந்தால் குழந்தையை நிமிர்ந்து இருத்தித் தலையைச் சற்று முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாது பிடித்திருத்தல் வேண்டும். அதன்பின்னும் நில்லாவிடினும், அடிக்கடி வந்தாலும், மூச்சு விடுவது வருத்தமாயினும் மருத்துவரை நாடுவதே முறை.

நம் நாட்டிலே

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சாரீரப்பதன் வழக்கமாக 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கின்றது. குளிரூட்டிய அறையிலே அது சிறிது குறைந்தாலும் குளிர்நாட்டு வறட்சி இங்கு ஏற்படுவதில்லை. தொண்டை வறண்டால் குளிரூட்டியின் காற்று முகத்தில் அடிக்காதவாறு திருப்பி, அதன் வடிகட்டியைக் கழுவினால் அநேகமாகப் போதும். ஆயினும் வண்ண விளக்கோடும் வாசனைப் போத்தலோடும் கூடிய சிறு மூடுபனிக் கருவிகள் இங்கும் விற்பனையாகின்றன. வெளிநாட்டு உறவினரின் அன்பளிப்பாகவும் வந்து சேர்கின்றன. இயல்பாகவே ஈரமிக்க அறையிலே அவற்றை இரவெல்லாம் இயக்குவது பூஞ்சணத்துக்கே உணவூட்டும். அவற்றின் வாசனை எண்ணெயைப்பற்றி மேலே கூறியது இங்கும் பொருந்தும்.

புதுப்பொருள் ஒன்று வீட்டுக்கு வரும்பொழுது, "இது பிள்ளைக்கு நல்லதா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அவ்வினாவை இன்னும் சற்றுக் கூர்மையாக்கிக் கேட்கப் பழகுவோமாக: இது தோலிலே படுவதற்கு நல்லதா, உண்பதற்கு நல்லதா, அன்றி இரவு முழுவதும் மூச்சிலே கலப்பதற்கு நல்லதா? கொரியத் தாய்மார் அறிந்து செய்த பிழை ஒன்றுமில்லை. விற்றவரும் அனுமதித்தவரும் இவ்வினாவைக் கேட்கத் தவறினர். அத்தவற்றின் விலையை உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் கொடுத்தன. படுக்கையறைக் காற்றுக்கு வேண்டுவது அரை லீற்றர் தூய நீர். அதற்கு மேலே ஒன்றும் வேண்டியதில்லை.